ஒற்றை டிஸ்க்கில் எட்டு மணி நேரம்

1
இந்தக் கதை என்னுடையது அல்ல, அண்ணியிடமிருந்து திருடியது. ஓர் ஆஸ்பத்திரியின் கணினி அறை அவர் பொறுப்பு. அன்று சாப்பிடும்போது, "இன்னிக்கு ஒரு டிஸ்க் போயிடுச்சு. ஆனா ஒண்ணும் ஆகல" என்றார். அண்ணன் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. எனக்கு எழுதக் கை அரித்தது.

2
முதல் தொடக்கம்: மரணம் காலை பத்து மணிக்கு அந்த அறைக்குள் நுழைந்த—

(அண்ணி படித்துவிட்டுச் சிரித்தார். "மரணமா? ஒரு செவப்பு லைட் எரிஞ்சுது, அவ்வளவுதான்.")

சரி. பத்து மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. நோயாளிகளின் ஸ்கேன்கள் இரண்டு டிஸ்க்குகளில் ஒரே மாதிரி பதிவாகும். ஒன்று போனால் மற்றது தாங்கும். அண்ணி புது டிஸ்க்கைச் செருகினார். மிஞ்சியதிலிருந்து அதற்கு எல்லாம் நகலாக ஆறு மணி நேரம். அதுவரை டாக்டர்கள் கேட்கும் படங்களையும் மிஞ்சியதே தர வேண்டும். ஒரே ஆள் சமைத்துக்கொண்டே பந்தியும் பரிமாறுவது மாதிரி.

3
ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் வந்தார். (இவரை நான் வில்லனாக்கவில்லை. அவராகவே ஆகிக்கொண்டார்.) மேலிடத்திலிருந்து விருந்தினர் வருகிறார்களாம். பத்து வருட ஸ்கேன்களையும் அலசி ஒரு வண்ண வரைபடம் வேண்டுமாம்.

"இப்ப வேணாம் சார். ஒத்த டிஸ்க்லதான் ஓடுது."

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்னு சொல்லித்தானே வாங்குனீங்க?"

"கிட்னியும் ரெண்டுதான் சார். ஒண்ணு போனவர மாரத்தான் ஓடச் சொல்வீங்களா?"

அவர் ஓடச் சொன்னார்.

4
பதினொன்றரைக்கு அறுவை அரங்கிலிருந்து போன். "மேடம், பேஷன்ட் டேபிள்ல இருக்காங்க. காலைல எடுத்த மூளை ஸ்கேன் சுத்திக்கிட்டே இருக்கு, திறக்கல!"

அக்கணம் அண்ணி தன் வாழ்வின் அர்த்தத்தையெல்லாம்—

("அதெல்லாம் இல்ல. அந்த ஸ்கேன் வேற எங்க இருக்குன்னு பாத்தேன். அத எழுது.")

வேறு எங்கே இருக்கிறது என்று பார்த்தார். முந்தைய நாள் வரையிலான பிரதி வேறு கட்டிடத்தில் பத்திரமாக இருந்தது. அன்று காலை எடுத்த ஸ்கேன் மட்டும் இந்த ஒற்றை டிஸ்க்கில்தான். வரைபட வேலையை நிறுத்தினால் மட்டும் போதாது, நகலெடுப்பையும் மெதுவாக்கினால்தான் படம் திறக்கும். ஆனால் அந்த டிஸ்க் துணையில்லாமல் நிற்கும் நேரம் நீளும். இடையில் அதுவும் போனால், போனதுதான்.

மெதுவாக்கினார். வரைபட வேலையை அடியோடு நிறுத்தினார். படம் திறந்தது. கண்காணிப்பாளரிடம், "சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ சார்" என்றார்.

5
ஆறு மணி நேரம் எட்டானது. மாலை ஆறுக்குப் பச்சை விளக்கு.

மறுநாள் சுற்றறிக்கை: விருந்தினர் வந்திருந்தபோது எந்தச் சேவையும் தடைபடவில்லை, கண்காணிப்பாளரின் முன்யோசனைக்குப் பாராட்டு. கூடவே அண்ணிக்கு ஒரு மெமோ: வரைபடம் ஏன் வரவில்லை?

6
எனக்குத் திருப்தியில்லை. "அண்ணி, மிச்சமிருந்த டிஸ்க்கும் போயிட்டதா எழுதவா? அப்பதான் கதை நிக்கும்."

"கதை எதுவும் நடந்துடாம பாத்துக்கத்தான்டா எனக்குச் சம்பளமே."

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். அந்த டிஸ்க்கும் சாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: அறுவை மேசையில் படுத்திருப்பவர் உங்களுக்கு என்ன உறவு என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.