திறந்து விட்ட வலப்பக்கம்

தேர்வாளர் கோபாலசாமி கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். "வெள்ளை அணி, செவ்வந்தி. சிவப்பு அணி, பிரவீனா."

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வருடமாக இருவரும் ஒரே கிளப், ஒரே கோச். இன்றைக்குத்தான் முதல்முறையாக எதிரெதிர்.

"ஏம் புள்ள, ரொம்ப பயந்துக்காதே. பாத்துப் பதமா போடறேன்," என்றாள்.

பிரவீனா சிரிக்கவில்லை. ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

கோவையின் அந்தக் கூடைப்பந்து உள்ளரங்கத்துக்கு இருபது பெண்கள் வந்திருந்தார்கள். அரசு அலுவலகம் ஒன்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான தேர்வு ஆட்டம். இடம் ஒன்றே ஒன்று. வயது வரம்பு இருபத்தைந்து. செவ்வந்திக்கு அடுத்த மாதம் அது முடிகிறது.

வால்பாறை எஸ்டேட்டில் தேயிலை பறிக்கும் அவளுடைய அம்மா மாசாணியம்மாள் பங்குனியில் ஓய்வு பெறுகிறாள். ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். இந்த வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ் உண்டு. கிடைக்காவிட்டால் எங்கே போவது என்று தாயும் மகளும் பேசியதே இல்லை. ஆறடி உயரப் பெண் ஆடப் போனால் கோப்பையோடுதான் வருவாள். வேறு மாதிரி நடந்ததில்லை.

விசில் ஊதியது.

செவ்வந்தியின் ஆட்டம் சுலபமானது. ரிங்குக்கு முதுகைக் காட்டி நிற்பாள். பந்து வரும். வலது தோள் பக்கமாகத் திரும்பி, வலது கையால் போர்டில் ஒரு தட்டு. பொள்ளாச்சி, கோபி, உடுமலை என்று எந்த ஊர் டோர்னமென்ட்டிலும் அந்த உயரத்தைத் தடுக்க ஆள் இருந்ததில்லை.

பந்து வந்தது. வலப்பக்கம் திரும்பினாள். அங்கே பிரவீனா நின்றிருந்தாள்.

மோதல். நடுவர் கையை உயர்த்தினார். ஃபவுல் செவ்வந்தி மேல்.

இரண்டாவது முறையும் அதே இடத்தில் பிரவீனா. மூன்றாவது முறை பந்தைக் கீழிருந்தே தட்டிப் பறித்துவிட்டாள். இடப்பக்கம் வாசல் போலத் திறந்து கிடந்தது. செவ்வந்தியின் கால் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"வெளிய வந்து போடு கண்ணு!" கேலரியிலிருந்து கோச் பிரான்சிஸ் கத்தினார்.

வெளியிலிருந்து போட்டால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவேன் என்று ஆறு வருடம் சொன்னவர் அவர்தான். வெளியே வந்து போட்டாள். பந்து ரிங்கைக்கூடத் தொடவில்லை. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

இடைவேளையில் செவ்வந்தி குடிதண்ணீர்க் குழாயருகே பிரவீனாவைப் பிடித்தாள்.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"எது?"

"நான் அந்தப் பக்கந்தான் திரும்புவேன்னு."

பிரவீனா வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஆறு வருசமா பிராக்டீஸ்ல உன்னைய தடுத்தது ஆரு?"

"நீ ஒருநாளும் தடுத்ததில்லையே. எல்லாமே உள்ள போயிருமே."

"தடுக்கக் கூடாதுன்னு சார் சொல்லிப்போட்டாரு. வலப்பக்கத்தைத் திறந்து விடு, அவ போடட்டும், அப்பத்தான் மேட்சுல கை வரும்னு. ஒருநாள் சும்மா தடுத்துப் பாத்தேன். அடுத்த ரெண்டு மேட்ச் என்னைய பெஞ்சுல உக்கார வச்சாரு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம்." பிரவீனா தலை குனிந்தாள். "எனக்கும் இதான் புள்ள கடைசி. இந்த வேலை இல்லீனா தை மாசம் கல்யாணம். அப்பா தேதியே பாத்துட்டாரு. என்னைய மன்னிச்சுக்க."

இரண்டாம் பாதியில் செவ்வந்தி இடப்பக்கம் திரும்பினாள். யாரும் தடுக்கவில்லை. ரிங் அவளுக்கு மட்டுமே இருந்தது. இடது கையால் தூக்கினாள். பந்து போர்டின் அடிவிளிம்பில் இடித்து அவள் நெற்றிக்கே திரும்பி வந்தது. மீண்டும் தூக்கினாள். இந்த முறை போர்டைத் தாண்டிப் பின்பக்கம் போய் விழுந்தது. அதற்குப் பிறகு வெள்ளை அணிப் பெண்கள் அவளுக்குப் பந்தே கொடுக்கவில்லை. கடைசி எட்டு நிமிடம் கையை உயர்த்தியபடியே நின்றாள்.

மதியம் முடிவு சொன்னார்கள். பிரவீனா.

கோபாலசாமி படியிறங்கும்போது பிரான்சிஸைப் பார்த்து நின்றார். "ஏனுங்க, அந்த உசரமான புள்ளைக்கு இடது கையே இல்லீங்களே. எந்த மகராசனுங்க கோச்சு?"

பிரான்சிஸ் ஒதுங்கி வழி விட்டார். கோபாலசாமி போனதும் செவ்வந்தி வந்தாள்.

"நாந்தான்னு சொல்லியிருக்கலாமே சார்."

"உக்காரு கண்ணு."

"ஏன் சார் தடுக்க வேண்டாம்னீங்க?"

அவர் விசில் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "மொதல் வருசம் ஒரு சீனியர் புள்ள உன்னைய நாலு தடவை தடுத்தா. அழுதுட்டே வால்பாறை பஸ்ஸேறிட்டே. பத்து நாள் ஆளே வரலை. மறுபடி போயிருவியோன்னு எனக்குப் பயம்."

"அப்ப எனக்குப் பதினெட்டு வயசுங்க சார்."

"இடது கை வராதுன்னு எனக்கும் தெரியும். கத்துக் குடுக்கணும்னுதான் இருந்தேன். ஆனா மூணு மாசமாவது மேட்சை நிறுத்தோணும். வாராவாரம் எங்கியாவது டோர்னமென்ட். இது முடியட்டும், இது முடியட்டும்னே போயிருச்சு. நீயும் ஜெயிச்சுட்டே இருந்தே. ஜெயிக்கற புள்ளைய என்னன்னு திருத்தறது?"

"இப்ப நில்லுங்க."

"என்ன?"

"வலப்பக்கம் வந்து நில்லுங்க சார். நெசமாவே தடுங்க."

பிரான்சிஸ் ரிங்கடியில் வந்து நின்றார். செவ்வந்தி இடப்பக்கம் திரும்பி, இடது கையால் போட்டாள். விழவில்லை. பந்தை எடுத்து வந்து மறுபடி போட்டாள். பத்து, இருபது என்று எண்ணிக்கொண்டிருந்தவள் பிறகு எண்ணுவதை விட்டாள். தோள் கடுத்தது. ஒன்றும் உள்ளே போகவில்லை.

"வேண்டாம் அம்மணி. விடு," என்றார் பிரான்சிஸ். "இனி எதுக்கு?"

அரங்கத்தைப் பூட்ட ஆள் வந்து வாசலில் சாவியை ஆட்டினான். அவள் பந்தைத் தரையில் வைத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் போன் அடித்தது. அம்மா.

"கண்ணு, குவார்ட்டர்ஸ்ல எத்தனை ரூமுன்னு கேட்டியா? இங்க பக்கத்து ஊட்டுல எல்லாரும் கேக்கறாங்க."

"இல்லம்மா."

"கேக்கலியா?"

"வேலை கிடைக்கலம்மா. தோத்துட்டேன்."

மறுமுனையில் மழை பெய்துகொண்டிருந்தது. அம்மா சிரித்தபடி, தைரியம் சொல்லும் குரலில் பேசினாள்.

"அட, ஒரு மேட்ச்தான கண்ணு? அடுத்ததுல ஜெயிச்சுக்கலாம் விடு."

அடுத்தது இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று செவ்வந்திக்குத் தெரியவில்லை. ஊருக்குப் போக ஏற வேண்டிய பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டார். அவள் ஏறவில்லை.

"சரிங்கம்மா," என்றாள்.