நெஞ்சு கட்டாத ஐஸ்

கடப்பாரையை ஓங்கி அவள் இன்னொரு ஐஸ் பாளத்தின் நடுவில் இறக்கினாள். பாளம் பிளந்து, உள்ளிருந்து தண்ணீர் குபுக்கென்று பீறிட்டு அவளை இடுப்புவரை நனைத்தது. இதுவும் நெஞ்சு கட்டவில்லை. வெளியே நாலு விரல்கடை ஐஸ், உள்ளே வெறும் தண்ணீர்.

"மெஷினை யாரு நிறுத்தினது?"

ஃபிட்டர் தலை நிமிராமல் தான்தான் என்றார். விடிகாலையில் முதலாளி போன சேதி வந்ததும் மனசு தாங்காமல் கம்ப்ரஸரை அணைத்துவிட்டாராம். மரியாதைக்கு. அந்த மெஷினின் இரைச்சலிலேயே தலை நரைத்த மனிதர் அவர். ஆனால் அந்த மரியாதையால் தொட்டியில் கிடந்த பாளங்கள் பாதியிலேயே நின்றுபோயின.

"அப்பாவைப் பெத்தவங்க செத்தன்னிக்குக்கூட மெஷின் ஓடிச்சு. நீங்கதான ஓட்டினீங்க?"

"ஓட்டினேன் பாப்பா. இன்னிக்கு முடியல."

ஐம்பதைத் தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான்.

ஐஸ் தொழிற்சாலைக்கு முன்னால் வீடு. வீட்டுக் கூடத்தில் அப்பா கிடந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. பட்டாளத்தில் அவரோடு இருந்தவர்கள் சாயங்காலம் வந்து சேர்ந்த பிறகுதான் எடுப்பது என்று பேச்சு. அதுவரை உடம்பு தாங்க வேண்டும். ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் காசு வாங்காமல் ஐஸ் கொடுத்தவர். ஆகாதவன் வீடாக இருந்தாலும் தானே வண்டியில் ஏற்றிப் போய், தன் கையாலேயே உடைத்து அடுக்கி, எடுக்கும்வரை காவல் உட்கார்ந்திருப்பார். சொர்க்கம் கிடைக்கிறதோ இல்லையோ, பட்டாளத்தார் ஐஸ் உறுதி என்று ஊரில் கிண்டல் உண்டு. அவருக்கே இப்போது நல்ல ஐஸ் இல்லை.

கூடத்துப் பேச்சு பின்கட்டுவரை கேட்டது. குண்டு விழுகிற இடத்தில், கால் பிய்ந்த கூட்டாளியை முதுகில் சுமந்து வந்தாராம். வெள்ளத்தில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, கீழ்த்தெரு ஆட்களை முடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தாராம். பிரசவ ஆஸ்பத்திரி கட்டக் கடைக்காரர்களின் சட்டையைப் பிடித்து வசூல் பண்ணினாராம். எல்லாம் நிஜம். அவர் விட்ட அறையில் அவளுடைய இடது காது போனதும் நிஜம். அதைக் கூடத்தில் உட்கார்ந்து யாரும் பேசப் போவதில்லை.

அவள் அடுத்த பாளத்தில் கடப்பாரையை இறக்கினாள்.

பின்கதவு கிறீச்சிட்டது. அண்ணன் நின்றிருந்தான். தாடியெல்லாம் வெள்ளை, சட்டையெல்லாம் பஸ் புழுதி. காலையில் போனில் அவள்தான் சொன்னாள். வருவான் என்று நினைக்கவில்லை.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஃபிட்டர் அவன் கழுத்துப்பட்டியைப் பிடித்துவிட்டார். சொத்தைப் பிரித்துக் கேட்டு அப்பனின் தாடையை இரும்புக் கொக்கியால் உடைத்துவிட்டு ஓடியவன் என்பதுதான் ஊருக்குத் தெரிந்த கதை.

"பெத்தவனை அடிச்ச கையோட எதுக்குடா வந்த? அவர் பொணத்தையும் உடைக்கவா?"

"அம்மாவைப் பாக்கணும். வழிய விடுங்க."

ஃபிட்டர் அவனைத் தொட்டியின் விளிம்பில் மோதினார். லோடு ஏற்றுகிற இரண்டு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு கையை முறுக்கிப் பிடித்தார்கள். அண்ணன் திமிறவில்லை. அதுவே ஃபிட்டருக்கு ஆத்திரத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். கீழே கிடந்த குழாய்த் துண்டை எடுத்து நெற்றியில் ஒன்று போட்டார். தோல் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. உடைந்த ஐஸ் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்து பரவியது.

குழாய் மறுபடி உயர்ந்தது. அவள் கடப்பாரையைத் திருப்பிப் பிடித்து அவர் முழங்கையில் அடித்தாள். குழாய் எகிறித் தரையில் உருண்டது. ஃபிட்டர் கையைப் பொத்திக்கொண்டு மண்டி போட்டார். பிடித்திருந்த இருவரும் தாமாகவே விலகினார்கள்.

"அப்பா அன்னிக்குப் பட்டாள பெல்ட்டை அம்மா கழுத்துல போட்டு இறுக்கிட்டிருந்தார்," என்றாள். குரல் உயரவில்லை. "அம்மாவுக்குக் கண்ணு சொருகிடுச்சு. நானும் பக்கத்துலதான் நின்னேன். இவன் அன்னிக்கு அடிக்கலன்னா, அவங்களுக்கு நீங்கதான் ஐஸ் உடைச்சிருப்பீங்க."

தொட்டிக்குள் எங்கோ ஐஸ் விரிசல் விடும் சத்தம் கேட்டது.

"என் பொண்டாட்டி போனப்ப," ஃபிட்டர் மெதுவாகச் சொன்னார், "ராப்பகலா அவர்தான் பக்கத்துல உக்காந்திருந்தார், பாப்பா. எனக்கு ஊட்டிவிட்டார்."

"தெரியும்."

"அதே கைதானா?"

அவள் கடப்பாரையைக் கீழே போட்டாள். ஓடு ஓடாகக் கிடந்த ஐஸை வாரித் தகரத் தொட்டியில் போட ஆரம்பித்தாள். அண்ணனும் குனிந்து வாரினான். தொட்டி நிறைந்ததும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். சின்ன வயதில் தூக்கியது போலவே அவன் முன்னால், அவள் பின்னால். முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அப்பா வைத்த சட்டம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கூடத்தில் பேச்சு அறுந்தது. வணிகர் சங்கத் தலைவர் எழுந்து, இவன் எதற்கு உள்ளே வருகிறான், தூக்கி வெளியே போடுங்கள் என்றார். இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

அண்ணன் தங்கைக்குப் பின்னாலேயே வந்த ஃபிட்டர் அடிபட்ட கையைத் தாங்கியபடி, "உக்காருங்க," என்றார். தலைவர் நின்றுகொண்டே இருந்தார். "உக்காருங்கன்னேன்."

தலைவர் உட்கார்ந்தார்.

அம்மா அப்பாவின் தலைமாட்டில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து அழவுமில்லை, யாரோடும் ஒரு வார்த்தை பேசவுமில்லை. அண்ணன் அவளைப் பார்க்காமல் மண்டியிட்டு, விலாவோரமும் தோளோரமும் ஐஸை அடுக்கினான். சிறு சிறு சில்லுகளை இடுக்குகளில் திணித்தான். அப்பா சாவு வீடுகளில் அடுக்குவது போலவே அடுக்கினான். நெற்றியிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டே இருந்தது. புறங்கையால் துடைத்துத் துடைத்து அடுக்கினான்.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி, அப்பாவின் தோளை ஒட்டி இருந்த ஒரு ஐஸ் துண்டை உருவினாள். மடியில் இருந்த துணியில் அதைச் சுற்றினாள். மகனின் பின்தலையை ஒரு கையால் பிடித்து, மறு கையால் நெற்றியில் வைத்து அழுத்தினாள். ஊரே பார்த்தது. அவன் தலையைக் குனிந்து கொடுத்தான்.

தோளோரம் இடைவெளி விழுந்திருந்தது. ஃபிட்டர் வேறொரு துண்டை எடுத்து அங்கே வைக்கப் போனார். வைக்காமல் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். விரலிடுக்கில் அது சொட்டிக்கொண்டிருந்தது.