அடுத்தவர் கால்வலி

என் வீட்டுக்காரர் ராஜதுரை பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் இட்லி சாப்பிடுகிறார். மலையேறும் பூட்ஸ் முன்கூட்டியே காலுக்குப் பழக வேண்டுமாம். பதினைந்து நாளாக அதோடுதான் அலுவலகம், அதோடுதான் டீக்கடை. பனவடலிசத்திரத்துக் கல்யாண வீட்டில், கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது என்று பந்திக்கே போகாமல் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். காலுக்குப் பழகியதோ இல்லையோ, தெருவுக்குப் பழகிவிட்டது. "இமயமலை வருது, வழி விடுங்க" என்று எதிர்வீட்டு முப்பிடாதியம்மாள் என் காதுபடவே சொல்லுகிறாள். எனக்கும் அதேதான் தோன்றுகிறது என்பதால் அவளோடு சண்டைக்குப் போகவில்லை.

விஷயம் இதுதான். இமயமலையில் பதிமூன்றாயிரம் அடிக்கு மேலே இரண்டு ஏரிகள். விடியுமுன் ஏறத் தொடங்கி, இரண்டையும் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். கூட்டிப் போவது கடையநல்லூர் ஆயிஷா சித்திகா. அவள் குழுவில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம். பத்து கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்துக்குள் நடந்து, கைக்கடிகாரம் காட்டுகிற கணக்கைப் படம் பிடித்து, வெள்ளிக்கிழமை மாலைக்குள் யார் முதலில் அனுப்புகிறார்களோ அவர்களுக்கு அந்த இடம்.

ஆயிஷா போனில் அனுப்பிய ஏரிப் படத்தை முதலில் பார்த்தது நான்தான். நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத தண்ணீர், கரையில் பனி. நாலு நாளைக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் வருகிற ஊர் எங்களுடையது. அவ்வளவு தண்ணீரைக் குடம் எடுத்துப் போகாமல், சும்மா நின்று பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

"நான் போவட்டுமா?" என்றேன்.

"ஏட்டி, அங்கன மூச்சே விட முடியாது. நீ மாடிப்படி ஏறுனாலே உக்காந்துருவ" என்று சிரித்தார். சிரித்த கையோடு தன் பெயரைக் கொடுத்துவிட்டார்.

தினமும் மொட்டைமாடியில் துணி காயப்போடுவது யார் என்று அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. பயிற்சிக்காகப் பத்துக் கிலோ அரிசியைப் பையில் போட்டு முதுகில் மாட்டி அதே படியில் ஏறினார். மூன்றாம் தடவை நடுப்படியில் உட்கார்ந்து சோடா கேட்டார். அரிசியை நான்தான் கீழே தூக்கி வந்தேன். ராஜபாளையம் ரோட்டில் நடந்து பார்க்கிறேன் என்று கிளம்பியவர், பாதியில் புரோட்டாக் கடையில் ஒதுங்கிவிட்டு ஆட்டோவில் திரும்பினார். கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டார். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகம் என்று அது காட்டியது. அதற்கும் வெட்கமில்லாமல் கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் குழைந்துகொண்டு வந்தார். ஆடித்தபசுக்குக் கொடியேறி நான் தினமும் கோயிலில் சுற்றிக்கொண்டிருந்த சமயம். கோமதி அம்பாள் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள். நூற்றியொரு சுற்று சுற்றினால் அவள் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

"எப்படியும் நாளைக்குச் சுத்தத்தான போற? இந்த வாட்சக் கட்டிக்கிட்டுச் சுத்து. அது பாட்டுக்குக் கணக்கெடுத்துக்கிடும்."

"அப்ப மலையில ஏறுதது யாரு?"

"அங்கன போயிட்டா ஏறிருவேன், முத்துமணி."

அம்பாள் தவம் நிற்கிறாள், அவள் வலியை வாங்கலாம். புரோட்டாக் கடையில் உட்கார்ந்தவர் கால்வலியை எதற்கு வாங்க வேண்டும்? இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் மேல் அப்படி ஒரு இளக்காரம் எனக்கு வந்ததில்லை. ஆனாலும் கையை நீட்டினேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை. பிராகாரத்துக் கல் காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துச் சுருக்குப்பையில் போட்டேன். முடிச்சில் இன்னும் ஏழு கொட்டை இருக்கும்போதே கடிகாரம் அதிர்ந்தது. பத்து கிலோமீட்டர், இரண்டு மணி எட்டு நிமிஷம். மூச்சு வாங்கியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கால் நிற்கச் சொல்லவில்லை.

வாசலுக்கு வந்தேன். படிக்கு வெளியே பூட்ஸோடு நின்றிருந்தார். அவரிடம் கொடுத்து வைத்திருந்த என் போனை வாங்கி, என் வளையலும் தெரிகிற மாதிரி கடிகாரத்தைப் படம் பிடித்தேன்.

"எனக்கு அனுப்பு" என்றார்.

"ஆயிஷாவுக்கே அனுப்பிட்டேன். எம்பேரப் போட்டு."

"வெளையாடாதட்டி."

அதற்குள் பதில் வந்துவிட்டது. 'சூப்பர்க்கா, இடம் உங்களுக்குத்தான். எந்த ஷூ போட்டு நடந்தீங்க?'

அதை அவரிடம் காட்டினேன். வாசித்தார். மறுபடியும் வாசித்தார். நான் மிச்சம் ஏழு சுற்றை முடிக்க உள்ளே திரும்பினேன். "ஏட்டி, நில்லு! நில்லுங்கேன்!" என்று கத்தினார். உள்ளே வந்து பிடிக்கலாம்தான். அதற்குப் பூட்ஸைக் கழற்ற வேண்டுமே.

ஒரு சுற்று முடித்து வாசல் பக்கம் வந்தபோது பார்த்தேன். ஒரு பூட்ஸ் படியோரம் கிடந்தது. மற்றதன் கயிறு சிக்கி இறுகிவிட்டது போல. அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு புளியங்கொட்டையைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.