கீழ்ப்பிடி

முதுகு ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டிய தாளை அவர் நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார். மகள் பேனாவை நீட்டியபடியே நின்றாள்.

“நூத்துல ரெண்டு பேருக்குக் கால் விளங்காமப் போகலாம். மத்தவங்க எல்லாம் நல்லா நடக்கறாங்க,” என்றார் டாக்டர்.

“அந்த ரெண்டு பேரு விலாசத்தைக் குடுங்க. கேட்டுட்டு வரேன்.”

“அப்பா!”

“என்னடி அப்பா? கத்தி அவர் கையில, முதுகு என்னுது.”

அரை மணி நேரம் யோசிக்கச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

நடையில் வரிசையாக நாற்காலிகள் கிடந்தன. அவர் சுவரில் சாய்ந்து நின்றார். எட்டு மாதமாகச் சாப்பாடுகூட நின்றபடிதான்.

அப்போது மேல்பிடி வந்து சேர்ந்தார். வீடு மாற்றும் லாரியில் இருவரும் முப்பது வருடம் ஒன்றாக உழைத்தவர்கள். படியில் பீரோ ஏற்றும்போது மேல்முனை அவருக்கு, பாரமெல்லாம் வந்து இறங்கும் அடிமுனை இவருக்கு. அதனால் இவர் கீழ்ப்பிடி. பாரம் தெரிந்தவன் கீழே இருப்பவன் என்பதால், ‘இறக்கு’ என்று அவன்தான் சொல்ல வேண்டும். முப்பது வருடத்தில் அந்தச் சொல் இவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. அதில் ஒரு மிதப்பு.

“எங்க வீட்டுப் பக்கமே வரதில்லையேடா,” என்றார் மேல்பிடி.

“மூணு மாடி.”

“எங்க கல்யாண பீரோவைத் தூக்கிட்டு ஏறினவன்தானே நீ?”

இவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடி பதித்த பீரோ. அடிமுனையைப் பிடித்தபடி, அதில் தெரிந்த தன் இருபத்தாறு வயது முகத்தைப் பார்த்துக்கொண்டே படி படியாக ஏறினார். மூன்றாம் மாடி வாசலில் புதுப்பெண் தண்ணீர்ச் செம்போடு காத்திருந்தாள். புதுச் சுண்ணாம்பு வாசனை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் மேல்பிடிக்குக் கால் வழுக்க, மொத்த பாரமும் இவர் மேல் வந்தது. இடுப்பில் ஏதோ ‘சளுக்’ என்றது. “இறக்கட்டுமாடா?” என்று மேலேயிருந்து குரல். “ஏறுடா!” என்றார் இவர்.

“அன்னிக்கு உன் மூஞ்சி வெளுத்ததைப் பாத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா ஒரு வாரம் சிரிச்சிருப்ப.”

“ஒரு வாரமா? ஒரு மாசம்!”

இவர் கை சட்டைப்பையிலிருந்த தாளைத் தடவியது.

“கால் போயிட்டா?” என்றார் இவர், தரையைப் பார்த்து.

“தூக்கிட்டுப் போய் எங்க வீட்டுல வெக்கறேன். ஆனா மேல்முனைதான் நான் பிடிப்பேன். அடிமுனைக்கு உன் மருமகனைக் கூப்பிட்டுக்கோ.”

டாக்டர் திரும்பி வந்தார். கீழ்ப்பிடி தாளை எடுத்துச் சுவரில் வைத்து நீவி, மகளிடம் பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார்.

“இறக்கிடுங்க, டாக்டர்.”

“எதை, பெரியவரே?”

பின்னால் மேல்பிடி வெடித்துச் சிரித்தார். நர்ஸ் வந்து அதட்டியும் அடங்கவில்லை. ஒரு மாதத்துக்கு இது ஓயாது என்று கீழ்ப்பிடிக்குத் தெரியும்.