ஏனுங்க என்று கூப்பிட்ட இசைத்தட்டு

1979 ஆவணி தொடங்கிப் பதினோரு வருடங்களில், கிளியூர் சென்னம்மாளின் வாசலில் வந்து நின்று "கூப்பிட்டீங்களா?" என்று கேட்ட ஆண்கள் நாற்பத்து மூன்று பேர். அதில் ஒருவர்கூட அவள் புருஷன் இல்லை. எல்லோரும் யோக்கியமானவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லாரி ஓட்டுகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், ஒரு சோடாக் கடைக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த ஒரு தலைமையாசிரியர். யாருக்கும் அவளைத் தெரியாது. டீக்கடையிலோ கல்யாண வீட்டிலோ ஒரு இசைத்தட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, சேலத்தில் பஸ் ஏறி, ஏற்காட்டு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவும் கடந்து அவள் வாசலுக்கு வந்துதான் நின்றார்கள். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் ஓடிவந்து முகத்தைப் பார்ப்பாள். பிறகு வெல்லக் காப்பி போட்டுக் கொடுத்து, அடுத்த பஸ்ஸுக்கு நேரம் சொல்லி அனுப்பிவைப்பாள்.

அந்தத் தட்டின் பெயர் 'ஏற்காட்டில் சிங்கராயர்'. பாடகர் சிங்கராயரை அந்த நாளில் தெரியாதவர்கள் கிடையாது. எந்த ஊரில் ஒலிபெருக்கி கட்டினாலும் முதலில் போடுவது அவர் பாட்டைத்தான். ஆனால் எல்லாம் அடைத்த அறைக்குள் பாடியவை. தப்பு விழுந்தால் அழித்துவிட்டு மறுபடி பாடலாம். ஜனங்கள் முன்னால் பாடி, அதை அப்படியே தட்டாக்க வேண்டும் என்று கம்பெனிக்கு 1978இல் ஆசை வந்தது. மே மாதத்தில் வேர்க்காத இடமாகப் பார்த்து ஏற்காட்டைப் பிடித்தார்கள். மனிதர் நடுங்கிவிட்டார். ஒரு சுருதி பிசகினால் காலத்துக்கும் அது சுற்றிக்கொண்டே இருக்குமே என்று மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒலிப்பதிவாளர் லாசருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. ஜனங்களின் மூச்சும் தட்டில் விழ வேண்டும் என்று சொல்லி, ஏரிக்கரை மைதானத்தின் ஓரத்தில் நின்ற சில்வர் ஓக் மரத்தில், கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக்கைக் கட்டினார். எல்லா வினையும் அந்த ஒரு மைக்கால் வந்தது.

சென்னம்மாள் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறவள். புருஷன் மாரிசாமி அங்கேயே மிளகுக்கொடி கட்டுகிறவன். இரண்டு பேரும் அரைநாள் லீவு போட்டு, இரண்டு வயது மகள் கலாவதியைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்கு வந்திருந்தார்கள். நாலாவது பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, மிளகாய் பஜ்ஜி வாங்கிவருகிறேன் என்று மாரிசாமி எழுந்து போனான். பாட்டு முடிந்து கைதட்டலும் அடங்கிய நேரத்தில் ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. இடுப்பில் இருந்த பிள்ளையின் முகமே தெரியாத பனி. சென்னம்மாள் பதறிப்போய், "ஏனுங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள்.

மைதானத்தில் இருந்த நானூறு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். சேலத்துப் பக்கத்தில் பெண்டாட்டி புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். ஏனுங்க என்பாள். எல்லாப் புருஷனுக்கும் அந்த ஒரே பேர்தான், அவரவர் பெண்டாட்டியின் குரலை வைத்து அவரவர் அடையாளம் கண்டுகொள்வார்கள். அன்றைக்கு நானூறு பேரும் தங்கள் பெண்டாட்டியின் குரலையே கேட்டார்கள். மேடையில் சிங்கராயரும் திரும்பினார். அவர் மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அடுத்த பாட்டை அவர் சுருதியை அரைக்கட்டை இறக்கித்தான் ஆரம்பித்தார். அந்தப் பாட்டைத்தான் பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின.

திரும்பாதவன் மாரிசாமி ஒருவன்தான். அவனைத் தேடி அழுதுகொண்டே வந்தவளை யாரோ மைதானத்து அறிவிப்புக் கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். மைக் பிடித்திருந்தவர் மலைக்குக் கீழேயிருந்து வந்தவர், அவருக்கு இங்கே யாரையும் தெரியாது. காணாமல் போனவர் பேர் என்ன என்றார். சென்னம்மாள் எப்படிச் சொல்லுவாள்? அவள் அம்மா பாவாயி ஒருதடவை ரேஷன் கடையில் அதிகாரி அதட்டியதற்குப் பயந்து புருஷன் பேரைச் சொல்லிவிட்டாள். எட்டாம் நாள் அந்த மனிதர் கிளை கழிக்க மரத்தில் ஏறி விழுந்து செத்தார். அதைக் கண்ணால் பார்த்த மகள் இவள். மாரியம்மன் கோயிலைக்கூட ஆத்தா கோயில் என்பாள். ஊரே பிள்ளைகளைச் சாமி என்று கொஞ்சும்போது இவள் மட்டும் கண்ணு என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதனால் அங்கே தொங்கிய காலண்டரில் இருந்த மாரியம்மன் படத்தைத் தொட்டுக் காட்டினாள். அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் தலையாட்டிவிட்டு, "அம்மன்சாமி அவர்களே, எங்கிருந்தாலும் உடனே அறிவிப்புக் கூடத்துக்கு வரவும்" என்று மூன்று தடவை அறிவித்தார். கிளியூர்க்காரர்கள் ஓடிவந்து சரியான பேரைச் சொல்வதற்குள் பனி விலகிவிட்டது. ஏரியில் ஆள் இறக்கித் தேடினார்கள், அருவிப் பள்ளத்தில் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

தட்டு வெளிவருவதற்கு முன்னால் அந்த ஏனுங்கவை வெட்டிவிடலாம் என்று கம்பெனி சொன்னது. சிங்கராயர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் இருக்கிற வரைக்கும் அதில் கை வைக்கக் கூடாது என்றுவிட்டார். அவருக்கு என்ன கேட்டதோ அவருக்குத்தான் வெளிச்சம். தட்டும் வந்தது, ஆண்களும் வர ஆரம்பித்தார்கள். குப்பனூரில் வண்டியை நிறுத்தி டீ குடித்த லாரிக்காரர்தான் முதலில் வந்தவர். ஏழாவதாக வந்த பெரியண்ணன் என்ற நெசவாளி, "எம்பொண்டாட்டி போயி ஆறு வருசமாச்சுங்க. ஆனாக் கூப்புட்டது அவதானுங்க" என்று அழுதார். சென்னம்மாளும் கூட உட்கார்ந்து அழுதாள். எத்தனையோ ஊர்ப் புருஷன்களுக்குக் கேட்டது தன் புருஷனுக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை என்பது அவளை அரித்துத் தின்றது. அவன் இருக்கும் இடத்தில் தட்டு இல்லையா, கேட்டும் வர முடியவில்லையா, வர மனமில்லையா? வேலையில் கை ஓடிக்கொண்டிருக்கும், காது மட்டும் பாதையில் இருக்கும். பனி இறங்கினால் கலாவதியின் பாவாடை நுனியைத் தன் புடவையோடு முடிந்துவிடுவாள். பதிமூன்று வயதில்கூட அந்தப் பெண் அப்படித்தான் பள்ளிக்கூடம் போனது.

1989இல் சிங்கராயர் காலமானார். அடுத்த வருடம் வைகாசியில் ஒரு நாள் பத்து மணி பஸ்ஸில் ஒருவர் வந்து இறங்கினார். நாற்பத்து நாலாவது ஆள் என்று நினைத்துச் சென்னம்மாள் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். வந்தவர் லாசர். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் பேட்டரியில் ஓடும் டேப் பெட்டியும், பன்னிரண்டு வருடத்துக்கு முன் பதிந்த அசல் நாடாவும் இருந்தன. தட்டைக் கேசட்டாகப் போடப்போகிறார்கள், வேண்டாத சத்தமெல்லாம் எடுத்துவிடுவார்கள், அசல் நாடாவையும் அழிக்கச் சொல்லியாகிவிட்டது என்றார். சென்னம்மாள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணும் இருக்குதும்மா. தட்டுல விழல, இதுல மட்டும்தான் இருக்குது. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இத்தனை வருசம் கடத்திட்டேன்" என்று சொல்லி லாசர் பெட்டியை ஓடவிட்டார். கைதட்டல் அடங்கியது. ஏனுங்க என்று அவளுடைய இளவயதுக் குரல் கூப்பிட்டது. லாசர் சத்தத்தை முழுசாகத் திருகினார். எங்கோ வெகு தூரத்தில், பனிக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது: "ஆரைப் புள்ள கூப்புடற?"

அவன்தான். நானூறு பேர் திரும்பிய இடத்தில் தன்னைத்தானா என்று சந்தேகம் வந்து, பதிலுக்காக நின்றுவிட்டிருக்கிறான். லாசர் வருடத்துக்கு ஒருமுறை நாடாவைப் போட்டுக் கேட்பாராம். முதல் வருடம் அந்தக் குரல் மைக்குக்குப் பத்தடியில் இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, இப்போது ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. அடுத்த வருடம் நாடாவே இருந்தாலும் குரல் இருக்காது.

பேரைச் சொன்னால் அவன் ஆயுசு போய்விடும், சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவான். நாடா திரும்பத் திரும்ப ஓடியது. ஆரைப் புள்ள கூப்புடற, ஆரைப் புள்ள கூப்புடற. கலாவதியால் பொறுக்க முடியவில்லை. "நான் சொல்றேம்மா" என்று பெட்டிக்குப் பக்கத்தில் போய், "மாரிசாமி! மாரிசாமி!" என்று கத்தினாள். குரல் அசையவில்லை. இரண்டு வயதில் பார்த்த மகளின் குரல் அவனுக்கு எப்படித் தெரியும்?

"நீ தள்ளு கண்ணு" என்றாள் சென்னம்மாள். "பன்னண்டு வருசம் அவுரு வாழாமயே கெடக்குதில்ல? கொறையறது அதுல கொறைஞ்சுட்டுப் போவுட்டும்." நாடா அந்த இடத்துக்கு வந்தது. "ஏனுங்க, உங்களைத்தானுங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக, "மாரிசாமி" என்றாள்.

"இதா வந்துட்டேன் புள்ள" என்று பக்கத்திலேயே கேட்டது. பெட்டியிலிருந்து கேட்டதா வாசலிலிருந்து கேட்டதா என்று லாசரால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. மாரிசாமி வாசலில் நின்றான். அதே கோடுபோட்ட சட்டை, தலைமயிரெல்லாம் பனி, வயதும் அன்றைக்கு இருந்த இருபத்தெட்டுதான். கையில் எண்ணெய் ஊறிய பொட்டலம் சூடாக இருந்தது. பாட்டு முடிந்துவிட்டதா, ஏன் இப்படி இளைத்துப் போனாய் என்று கேட்டான். பதினாலு வயதுப் பெண் ஒன்று வாய்பொத்தி நிற்பதைப் பார்த்து, இது யார் வீட்டுப் பிள்ளை என்றான். சென்னம்மாள் ஓவென்று அழுதாள். அழுது முடித்து, "கைகாலக் கழுவிட்டு ஊட்டுக்குள்ள வாங்க" என்றாள்.

எட்டாம் நாள் அவள் அவனைக் கட்டிலைவிட்டு இறங்கவே விடவில்லை. ஒன்பதாம் நாள் அவன் வேலைக்குப் போனான். கேசட்டில் ஏனுங்க இல்லை. கிளியூருக்கு அப்புறம் எந்த அந்நிய ஆணும் காப்பி குடிக்க வரவில்லை. புருஷனுக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு என்று ஊரில் கொஞ்ச நாள் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது. சாதாரண நாட்களில் சென்னம்மாள் அவனை ஏனுங்க என்றுதான் கூப்பிடுகிறாள். மூடுபனி இறங்கினால் மட்டும் வாசலுக்கு வந்து, மாரிசாமி என்று எஸ்டேட் முழுக்கக் கேட்கும்படி கத்துவாள். முதலில் காதைப் பொத்திக்கொண்ட மற்றப் பெண்களும், இரண்டு மழைக்காலம் போன பிறகு அதையே செய்ய ஆரம்பித்தார்கள். இப்போது கிளியூரில் பனி ஏறும்போது வீட்டுக்கு வீடு புருஷன்மார் பேர் கேட்கும். பனி விலகியதும் எல்லோரும் ஏனுங்க ஆகிவிடுவார்கள்.