எங்கள் கூடம் கோணல்தான்

1

இந்தக் கதை என் சொந்த யோசனை இல்லை. மேடத்தின் மகள் கேட்டாள். நாளை கல்லூரியில் மேடத்துக்கு இரங்கல் கூட்டம். மேடையில் வாசிக்க ஒரு பக்கம் வேண்டுமாம். அந்தக் கால எங்கள் கூடைப்பந்து அணியில் எழுத்து கிழுத்து என்று அலைந்தவள் நான் ஒருத்திதான். தலையாட்டிவிட்டேன். மேடம் என்றால் எங்கள் பயிற்சியாளர். மற்ற மேடம்களைச் சொல்லும்போது பாடத்தின் பெயரையும் சேர்த்துக்கொள்வோம்.

முதல் வரி: 'மருத்துவமனை ஜன்னலுக்கு வெளியே மழை...' (பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

இன்னொரு முதல் வரி: 'அவர் எங்களுக்குத் தாயாக...' (தாயா? தோற்றுவிட்டு அழுதால், "அழுதுகிட்டே ஓடு" என்பார். இதுவும் போச்சு.)

2

மூன்றாவதாக, மருத்துவமனையில் அவருடைய கடைசி நாட்களை உருக்கமாக எழுதி, மகளுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தினாள்.

"ஆண்ட்டி, ஆஸ்பத்திரில அம்மாவ நான் தினமும் பாத்தேன். கண்ண மூடினா அதுதான் வருது. நான் பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு ஃபைனல்ல ஜெயிச்சாங்களாமே, அந்த அம்மாவ நான் பாத்ததே இல்ல. அவங்களக் குடுங்க."

எழுதியதைக் கிழித்துப் போட்டேன். இனி இந்தக் கதையில் ஆஸ்பத்திரி கிடையாது.

3

ஆகவே, இறுதிப் போட்டி. அதற்குமுன், வாசகரே, எங்கள் பயிற்சிக் கூடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெல்டிங் செய்த புண்ணியவான் இரண்டு வளையங்களையும் பலகையின் நடுவில் வைக்காமல் இடப்பக்கம் தள்ளிப் பற்றவைத்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எல்லோரும் எங்களைக் கேலி செய்தார்கள். எங்கள் கூடம் நிஜமாகவே கோணல்! கல்லூரி முதல்வரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்த மேடம், கடைசியில் கோணலுக்கே குறிபார்க்க எங்களைப் பழக்கிவிட்டார்.*

* மற்ற அணிகள் அங்கே வந்து திணறுவதை அவர் உள்ளுக்குள் ரசித்தார் என்பது என் சந்தேகம்.

இறுதிப் போட்டி நடந்ததோ நேரான வளையம் உள்ள அரங்கில். பழகிய கை சொன்னபடி கேட்குமா? நாங்கள் எறிந்ததெல்லாம் இடது விளிம்பில் பட்டு இடப்பக்கமே விழுந்தது. எதிரணி எங்களைப் பிழிந்து எடுத்தது. மேடம் டைம் அவுட் கேட்டார்.

4

(இங்கே மேடத்துக்கு ஒரு வீர உரை எழுதியிருந்தேன். எங்கள் அணியின் நெட்டை, இப்போது பல் டாக்டர், அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "ஏய், அவங்க எங்கடி இப்படிப் பேசினாங்க? தலையிலதானே அடிச்சுக்கிட்டாங்க!" உரை போச்சு.)

ஆமாம், மேடம் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் சட்டென்று நிமிர்ந்தார்.

"எல்லாப் பந்தும் ஒரே இடத்துலதானே விழுது?"

"ஆமா மேடம்."

"எங்க விழும்னு அவங்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்ல? நெட்டை, நீ போய் அங்க நில்லு. மத்தவங்க பழையபடியே போடுங்க. கோணலாவே போடுங்கடி!"

போட்டோம். பந்து இடது விளிம்பில் பட்டது. கீழே நெட்டையின் கை காத்திருந்தது. பிடித்தாள், கிட்டே நின்று கூடைக்குள் வைத்தாள். மறுபடியும் போட்டோம், மறுபடியும் வைத்தாள். எதிரணி நடுவிலும் வலப்பக்கமும் பந்தைத் தேடி ஓடியது. அவர்களுக்கு விஷயம் புரிவதற்குள் ஆட்டம் எங்கள் கைக்கு வந்துவிட்டது. ஜெயித்தோம்! (இந்த ஆச்சரியக்குறியை யாரும் எடுக்கக் கூடாது.)

5

முடிவுகளும் சில வைத்திருந்தேன். ஒன்றில் மேடம் அழுகிறார். ஒன்றில் எங்களைக் கட்டிக்கொள்கிறார். எல்லாம் புளுகு. மணி அடித்ததும் நாங்கள் நெட்டையின் மேல் விழுந்து புரண்டோம். மேடத்தை யாருமே பார்க்கவில்லை.

அதை மகளிடம் சொல்லிவிட்டேன். "அந்த நிமிஷம் உங்கம்மா என்ன செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியலம்மா. வீட்டுல ரொம்ப சந்தோஷம் வந்தா என்ன செய்வாங்க?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கும்வரை சிரித்தாள்.

"ஐயோ ஆண்ட்டி... அதையா அத்தன பேர் முன்னாடி செஞ்சிருப்பாங்க?"

"செஞ்சிருப்பாங்க."

என்னவென்று எனக்குச் சொல்ல மறுத்துவிட்டாள். நாளை மேடையில் செய்தே காட்டுகிறாளாம். அதனால் கடைசி வரியை அவளுக்காகப் பாதியில் விடுகிறேன்:

ஜெயித்ததும் எங்கள் மேடம்