இரண்டு விசில்

பஸ் டிப்போவில் அந்த டிரைவருக்குக் கடிகாரம் என்று பெயர். இருபத்தோரு வருட சர்வீஸில் ஒரு நாள்கூட அவருடைய வண்டி தாமதமாக வந்து சேர்ந்ததில்லை. அவர் வண்டி பஞ்சர் ஆவதாக இருந்தால்கூட ஓய்வு நேரம் பார்த்துத்தான் ஆகும் என்று மெக்கானிக்குகள் கிண்டல் செய்வார்கள். ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் படியிலும் வைத்துக்கொண்டு யோசனை செய்கிற பயணிகளைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய் திறந்து திட்டமாட்டார். ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து எஞ்சினை உறும விடுவார். பயந்துபோய் எல்லாரும் அடித்துப் பிடித்து உள்ளே வந்துவிடுவார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதரையே ஆட்டி வைக்க வீட்டில் ஒருத்தி இருந்தாள். ஒரே மகள். கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் கிளம்ப வேண்டும் என்பதை நாலு வயதிலேயே கவனித்துவிட்டவள். தூக்கிப்போட இருந்த பழைய விசில் ஒன்றைக் கண்டக்டரிடம் கேட்டு வாங்கி வந்து, அன்றிலிருந்து வீட்டை அவள்தான் நடத்தினாள். தட்டில் போட்டது போதும் என்றால் ஒன்று. இன்னும் வேண்டும் என்றால் இரண்டு. அப்பா சொல்கிற கதை அறுவையாக இருந்தால் ஒன்று. விசில் எங்கேயோ தொலைந்துபோனது, பழக்கம் தொலையவில்லை. பதினைந்து வயதிலும் மேசையைத் தட்டியோ புருவத்தை உயர்த்தியோ ஒன்று, இரண்டு என்றே பேசுவாள். அம்மாவும் அப்பாவும் அதற்கு அடங்கி நடந்தார்கள்.

அந்தப் பதினைந்தாவது வயதில்தான் அது வந்தது. வயிற்றைக் கெடுத்துக்கொண்டு இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள், சரியாகிவிட்டது. பத்து நாள் கழித்துக் காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். செவ்வாய்க்கிழமை செருப்பு காலில் நிற்கவில்லை. புதன்கிழமை மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள், அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது. சனிக்கிழமை மூச்சுவிட முடியவில்லை. தொண்டையில் குழாய் போட்டு மெஷினோடு இணைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அவள் உடம்பில் அவள் சொன்னபடி கேட்டது கண்ணிமை ஒன்றுதான்.

உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தடுமாறி நரம்புகளின் மேலுறையைச் சேதப்படுத்திவிட்டது என்று டாக்டர் விளக்கினார். வயருக்கு மேலே இருக்கிற ரப்பர் போய்விட்ட மாதிரி என்று டிரைவர் புரிந்துகொண்டார். திரும்ப வளருமா என்று கேட்டார். பெரும்பாலும் வளரும், ஆனால் மெதுவாகத்தான் என்றார் டாக்டர். மெதுவாக என்ற சொல்லை அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக ஆசையோடு கேட்டார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மாலை நாலரையிலிருந்து ஐந்து மணிவரை ஒருவரை உள்ளே விடுவார்கள். ஒரு நாள் அம்மா, ஒரு நாள் அப்பா. அம்மா போனால் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டு அழுதுவிட்டு வருவார், எதுவும் கேட்கமாட்டார். அப்பாவுக்கோ அழத் தெரியாது, டிப்போ கதைகளைச் சொல்லுவார். முதல் நாள் சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, போதுமா, இன்னும் சொல்லவா என்று கேட்டார். அவள் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினாள். சரி என்று தொடர்ந்தார். காற்று வீசுவது, வெயில் அடிப்பது போல அது அவருக்கு அவ்வளவு இயல்பாக இருந்ததால், இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அதுதான் வினையாகிப்போனது.

அதே வார்டில் ஒரு நர்ஸ், அவளுக்கு மயக்க மருந்து பாதி தெளிந்திருந்த ஒரு காலையில், ஆமாம் என்றால் ஒரு தடவை சிமிட்டு, இல்லை என்றால் இரண்டு தடவை என்று சொல்லிக்கொடுத்திருந்தார். அது அந்தப் பெண்ணின் காதில் ஏறவே இல்லை. வலிக்கிறதா என்று கேட்டார்கள். ஊசி வேண்டாம், நிறுத்துங்கள் என்று ஒன்று அடித்தாள். வலி என்று எடுத்துக்கொண்டு ஊசி போட்டார்கள். தூங்கி எழுந்தாள். மறுபடி கேட்டார்கள், மறுபடி ஒன்று அடித்தாள், மறுபடி ஊசி. மூன்றாவது வாரம் பிசியோதெரபிஸ்ட் வந்து, கட்டிலைத் தூக்கி உட்கார வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். அவள் சிமிட்டினாள், இரண்டு. மறுநாளும் இரண்டு. அதற்கடுத்த நாளும் இரண்டு. கண்ணோரத்தில் தண்ணீர் வேறு வழிந்தது. ஒத்துழைக்க மறுக்கிறாள் என்று கேஸ் ஷீட்டில் எழுதினார்கள்.

டாக்டர் அப்பா அம்மா இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நரம்பு திரும்ப வளரத் தொடங்கிவிட்டது, ஆனால் பிள்ளை மனதளவில் விட்டுவிட்டாள், நம்பிக்கை இல்லாத உடம்பை எழுப்புவது கஷ்டம் என்று பக்குவமாகத்தான் சொன்னார். டிரைவரால் அதை நம்ப முடியவில்லை. விட்டுவிட்டாளா? யார், அவளா? சைக்கிள் கற்றுக்கொண்டபோது முழங்கால் இரண்டும் சிராய்த்து ரத்தம் வழிய, தள்ளிவிடு தள்ளிவிடு என்று நச்சரித்தவளா?

அன்று நாலரை மணிக்கு அவர் உள்ளே போனார். நர்ஸ் பக்கத்தில் சொட்டு மருந்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்கார மாட்டேன்னு சொல்றியாமே பாப்பா?"

அவள் அவரையே பார்த்தாள். ஒரு சிமிட்டல். அதை அவள் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. கண்ணை இறுக மூடி, இறுக்கம் விடாமல் வைத்திருந்து, திறந்தாள். நில்லு, என்ன பேசுகிறாய் நீ?

டிரைவருக்கு மண்டையில் ஏதோ தட்டியது. குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"போலாமா?"

இரண்டு.

"பாத்தீங்களா சார், இதேதான்," என்றார் நர்ஸ் வருத்தத்தோடு. "மூணு நாளா இல்ல இல்லன்னே சொல்றா."

"சிஸ்டர், அது 'இல்ல' இல்லைங்க," என்றார் டிரைவர். "ரெண்டு அடிச்சா போலாம்னு அர்த்தம். ரைட்டு, போலாம்னு சொல்லிட்டிருக்கா. நீங்கதான் வண்டிய எடுக்காம நிக்கிறீங்க."

நர்ஸ் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார். அப்படியா என்று கேட்டார். இரண்டு தடவை சிமிட்டிவிட்டு, நிற்காமல் இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு என்று அடித்துக்கொண்டே போனாள். நர்ஸ் தலையில் கையை வைத்துக்கொண்டார். அன்றைக்கே கட்டிலுக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது. ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. இருபது நாளாக அசையாமல் கிடந்தும், உட்காரலாமா என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் போலாம் போலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் அந்தப் பெண். யாருக்குமே புரியவில்லை என்று தெரிந்த பிறகும் சொல்வதை நிறுத்தவில்லை. எத்தனை பெரியவர்களுக்கு அந்த நெஞ்சுரம் இருக்கும், சொல்லுங்கள்.

மறுநாள் உட்கார வைத்தார்கள். பத்து நாளில் மெஷினை எடுத்தார்கள். இரண்டு மாதம் முடிந்து சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தாள். கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் வராத சோர்வு அவளுக்கு வீட்டில்தான் வந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக ஆறு நிமிடம் ஆயிற்று, ஒரு மாதம் போயும் அதே ஆறு நிமிடம்தான். கூடப் படித்தவர்கள் எல்லாரும் பரீட்சை எழுதி அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள். பார்க்க வந்த தோழிகள் அவளுக்குத் தெரியாத டீச்சர்களைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் போன பிறகு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பயிற்சிக்கு நேரமாயிற்று என்று அப்பா வந்து கூப்பிட்டார். கட்டில் சட்டத்தை ஒரு தடவை தட்டினாள். மறுநாளும் ஒரே தட்டு. ஒரு வாரம் அப்படியே போயிற்று.

கடிகாரம் என்று பேர் வாங்கிய மனிதர் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? எஞ்சினை உறும விடவில்லை. ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், நின்றார். டியூட்டி முடிந்து வந்ததும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார். சும்மா உட்கார்வதற்குப் பழக்கமில்லாததால் கால் மட்டும் தானாக ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்கும். எட்டாவது நாள் அவள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பா, உன் பஸ்ல முதல் படி எவ்வளவு உயரம்?"

அவருக்குத் தெரியவில்லை. இருபத்தோரு வருடமாக ஓட்டுகிற வண்டி, ஆயிரக்கணக்கான பேர் ஏறி இறங்கிய படி, உயரம் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் டேப் வைத்து அளந்து வந்து சொன்னார், நாற்பது சென்டிமீட்டர்.

அம்மா ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிறவர். கோடு கோணலாக அச்சாகிக் கழித்துப்போட்ட நோட்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து, நாலு நோட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, மேலே வழுக்காத துணியைப் போர்த்தி, தரையில் வைத்தார். நாலு சென்டிமீட்டர். வாரத்துக்கு இரண்டு நோட்டு ஏற்றுவது என்று பேச்சு. படிக்காத நோட்டின் மேல் ஏறி நிற்கிற முதல் மாணவி நான்தான் என்று மகள் சொன்னாள். ஏறினாள், விழுந்தாள், மறுபடி ஏறினாள். பன்னிரண்டாவது நோட்டில் மூன்று வாரம் முட்டிக்கொண்டு நின்றது. கூடுதலாக ஒரு நோட்டு வைக்கட்டுமா, ஒன்றை எடுத்துவிடட்டுமா என்று அம்மா கேட்டபோது, ஒன்றும் செய்யாதே, அப்படியே இருக்கட்டும் என்றாள். நாலாவது வாரம் தாண்டிவிட்டாள். பிறகு சில வாரம் மூன்று நோட்டுகூட ஏறியது. வியர்வையில் அந்தத் துணியை மட்டும் அம்மா ஐந்து தடவை மாற்றினார்.

நோய் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற நாள். ஏழு நாற்பது வண்டியில், எல்லாரையும் போல ஸ்டாப்பில் நின்று ஏறிப் போகப்போகிறேன் என்று அறிவித்தாள். இரண்டு நிபந்தனை. அம்மா எதிர்ப்பக்க நடைபாதையில்தான் நிற்க வேண்டும். அப்பா சீட்டிலிருந்து எழுந்திருக்கவே கூடாது.

அவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு கையில் ஊன்றுகோல், தோளில் பை, அவள். மற்றவர்கள் ஏறிய பிறகு கைப்பிடியைப் பற்றி வலது காலைத் தூக்கினாள். படியின் விளிம்பில் பட்டுக் கால் நழுவியது. ஊன்றுகோல் தட்டுத்தடுமாறி நிலைத்தது. டிரைவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பின்னாலிருந்து ஒருவர் டைம் ஆகிறது என்று குரல் கொடுத்தார். முன் சீட்டில் இருந்த ஒரு பெண்மணி எழுந்து கைகொடுக்கப் போனார்.

"யாரும் கை குடுக்காதீங்க," என்றார் டிரைவர் திரும்பாமலே. "அவங்க ஏறுவாங்க."

அந்தப் பெண்மணி மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். தொடையைக் கையால் கொஞ்சம் தூக்கிக் கொடுத்து, முழுப் பாதத்தையும் படியில் வைத்தாள். உடம்பு முழுவதும் நடுங்கியது. ஒரு எக்கு. முதல் படி. நாற்பது நோட்டு. இரண்டாவது படிக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாள். மூன்றாவதுக்கு அவ்வளவு ஆகவில்லை. உள்ளே வந்து கம்பியைக் கட்டிக்கொண்டாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார், ஊத மறந்துபோய். அவர்தான் அந்தப் பழைய விசிலைக் கொடுத்தவர், அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

விசில் வராமல் வண்டியை எடுக்கிற வழக்கம் டிரைவருக்கு இல்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். அதில் மகளின் முகம் தெரிந்தது. வியர்த்து, சிவந்து, அப்பாவையே பார்த்துக்கொண்டு.

அவள் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினாள்.

அவர் கியரைப் போட்டார். அழத் தெரியாத மனிதர், பள்ளிக்கூட ஸ்டாப் வரைக்கும் புறங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்டினார். அங்கே அவள் இறங்கி, கேட்டுக்குள் போகும்வரை பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்தினார்.

கடைசி நிறுத்தத்தில் டைம் கீப்பர் சுவர்க் கடிகாரத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். இருபத்தோரு வருடத்தில் முதல்முறையாகப் பதிவேட்டை டிரைவர் பக்கம் தள்ளினார். தாமதம் என்ற கட்டத்தில் டிரைவர் நாலு நிமிடம் என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில், பயணி ஏறிக்கொண்டிருந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டைம் கீப்பர் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒரு ஆள் ஏற நாலு நிமிஷமா?"

"எட்டு மாசம் சார்," என்றார் டிரைவர். "நாந்தான் குறைச்சு எழுதியிருக்கேன்."